மணியா, ஹூட்டரா, ஒலிபெருக்கியா, செயலியா? அவசர வெளியேற்றத்துக்குச் சேலம், ஏற்காடு பள்ளிகள் எதை முதலில் வாங்குவது

மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தும் கரண்ட், பிற்பகல் 2 மணிக்கோ மாலை 5 மணிக்கோதான் திரும்பும். பள்ளி நடக்கும் நேரம் முழுக்க அதற்குள் அடங்கிவிடுகிறது. அன்று மின்மணி அடிக்காது. வராந்தாவில் தொங்கும் தண்டவாளத் துண்டைத்தான் தட்ட வேண்டும். அவசர வெளியேற்றக் கருவி என்று யார் எதைக் கொண்டுவந்து காட்டினாலும், அந்த நாளில் காலை 11 மணிக்கு அது வேலை செய்யுமா என்பதுதான் முதல் கேள்வி. பாதிக் கருவிகள் இங்கேயே கழன்றுவிடும்.

கருவிக்குள் போகும் முன் படிக்கட்டை அளந்துகொள்ள வேண்டும். படியில் நெரிசலில்லாமல் இறங்கினால் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 60 பேர் என்று வைத்துக் கணக்குப் போடலாம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 பள்ளிப் படிக்கட்டுக்குக் குறைந்தது 1.5 மீட்டர் அகலம் கேட்கிறது. அந்த அகலத்தில் நிமிடத்துக்கு 90 பேர். மேல்மாடிகளில் 540 குழந்தைகள் இருந்து படிக்கட்டு ஒன்றே ஒன்று என்றால் 6 நிமிடம். இரண்டு இருந்தால் 3 நிமிடம். தீப்பிடித்த கட்டடத்தில் வராந்தாவைப் புகை நிரப்ப 6 நிமிடம் தேவையில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்த பள்ளியில் கூரை ஓலை, படிக்கட்டு ஒடுக்கம். அங்கே எந்தக் கருவி இருந்திருந்தாலும் அந்த இரண்டையும் மாற்றியிருக்காது. ஒற்றைப் படிக்கட்டோடு இருக்கும் பள்ளி, கையில் இருக்கும் பணத்தை இரும்பிலாவது இரண்டாவது படிக்கட்டுக்குப் போடட்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டு படிக்கட்டு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

மணி

தண்டவாளத் துண்டை யாரும் கேலி செய்ய வேண்டாம். அதற்கு பேட்டரி இல்லை, வயர் இல்லை, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் இல்லை. அதன் குறை சத்தத்தில் இல்லை, பொருளில்தான். பீரியட் முடிந்தாலும் அதே மணி, பிரேயருக்கும் அதே மணி, தீக்கும் அதே மணி. விட்டுவிட்டு மூன்று மூன்றாக அடித்தால் அவசரம் என்று சொல்லி வைத்திருப்பார்கள். ஜூனில் சொன்னது நவம்பரில் யாருக்கும் நினைவிருக்காது. அடிப்பவர் பதற்றத்தில் எப்படி அடிப்பார் என்பதற்கும் உறுதி கிடையாது.

அதைவிடப் பெரிய குறை, மணிக்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும்: 'வெளியே போ'. வெளியே போகக் கூடாத அவசரங்கள் சேலம் மாவட்டத்தில் நிறைய உண்டு. மேட்டூர் பக்கம் வேதி ஆலைகளுக்கு அருகில் இருக்கும் பள்ளிக்குக் காற்றில் குளோரின் வாடை வந்தால் குழந்தைகளை மைதானத்தில் நிறுத்துவது ஆகாத காரியம். குளோரின் காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மாடிக்கு ஏற்ற வேண்டும். நில அதிர்வுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1893 நெறிமுறையின் 2016 பதிப்பு சேலத்தை நில அதிர்வு மண்டலம் மூன்றில் வைத்திருக்கிறது. அதிர்வு நடக்கும்போது ஓடாமல் மேசைக்கடியில் புகுந்து மேசைக்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நின்றபின்தான் வெளியே. ஏற்காட்டில் சில்வர் ஓக் மரத்திலோ கட்டட விளிம்பிலோ மலைத்தேனீ கூடு கலைந்தால் எல்லோரும் உள்ளே, கதவு சாத்தி. இந்த மூன்றிலும் நீளமாக அடிக்கும் மணி குழந்தையைத் தவறான இடத்துக்கு அனுப்பும்.

கண்ணாடிப் பொத்தானும் ஹூட்டரும்

பள்ளிகள் அதிகம் வாங்குவது இதைத்தான். மாடிக்கு மாடி படிக்கட்டருகே சிவப்புப் பெட்டி, கண்ணாடியை உடைத்தால் சைரன் போல அலறும் ஹூட்டர், அலுவலகத்தில் இவற்றைக் கட்டுப்படுத்தும் பேனல். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றுக்கு ஆய்வு வருபவர் கண்ணுக்கும் தெரியும். மின்சாரம் போனாலும் பேனலுக்குள் இருக்கும் இரண்டு 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி தாங்கும். பேனலும் அதோடு இணைந்த டிடெக்டர்களும் (புகை, வெப்பம் உணரும் கருவிகள்) சும்மா இருக்கையில் 120 மில்லி ஆம்பியர் எடுத்தால் 24 மணி நேரத்துக்கு 2.88 ஆம்பியர்-மணி, ஹூட்டர்கள் அடிக்கும்போது 1.5 ஆம்பியர் என்றால் அரை மணிக்கு 0.75. கூட்டி, பேட்டரி வயதாவதற்குக் கால் பங்கு சேர்த்தாலும் 4.5 சொச்சம்தான் வரும். ஆனால் அந்த பேட்டரியின் ஆயுள் இரண்டு, மூன்று வருடம். சேலம் வெயிலில் தகரக் கொட்டகை அலுவலகத்தில் அதுவும் குறையும். போட்ட தேதியை மார்க்கரால் பேட்டரி மேலேயே எழுதி வைப்பது நல்லது.

இதில் பிழை வரும் இடம் இரண்டு. முதலாவது சத்தம். ஒரு மீட்டரில் 100 டெசிபெல் தரும் ஹூட்டர், தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் இழக்கும். 16 மீட்டரில் 76. நடுவில் சாத்திய மரக்கதவு ஒன்று இருந்தால் இன்னும் 20 போகும், மிச்சம் 56. பாடம் நடக்கும் வகுப்பில் ஃபேனும் குழந்தைகளும் சேர்ந்து எழுப்பும் இரைச்சலுக்குள் அது மூழ்கிவிடும். வராந்தாச் சுவர்களின் எதிரொலி கொஞ்சம் கைகொடுக்கும், அதை நம்பி வாங்க முடியாது. அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி போல விசைத்தறி ஓடும் தெருவில் பள்ளி இருந்தால் சொல்லவே வேண்டாம். எந்த வகுப்பிலும் 65 டெசிபெல்லுக்குக் குறையாமலும், இருக்கிற இரைச்சலைவிட 5 டெசிபெல் கூடுதலாகவும் கேட்க வேண்டும் என்பது பொது அளவு. ஃபோனில் இருக்கும் டெசிபெல் செயலி துல்லியமில்லைதான், ஆனால் எந்த வகுப்பு செவிடு என்று கண்டுபிடிக்கப் போதும். கழிப்பறையையும் மறக்காமல் அளக்க வேண்டும்.

இரண்டாவது, வயர் முனையில் போடும் சிறு ரெசிஸ்டர். வரிசையின் கடைசிக் கருவியில் அதைப் பொருத்தினால்தான் நடுவில் வயர் அறுந்ததும் பேனல் 'ஃபால்ட்' காட்டும். அவசர வேலைக்காரர்கள் அதைப் பேனலுக்குள்ளேயே செருகிவிட்டுப் போய்விடுவார்கள். பேனலில் பச்சை விளக்கு எரியும், இரண்டாம் மாடியில் எலி வயரைக் கடித்திருக்கும், ஒருவருக்கும் தெரியாது. பணம் தரும் முன் கடைசி டிடெக்டரைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். பேனல் சிணுங்காவிட்டால் வேலை முடியவில்லை.

குரல்

எங்கள் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறோம்: பகல்நேரப் பள்ளி ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பேட்டரியோடு கூடிய ஒலிபெருக்கியை வாங்கட்டும். பெரும்பாலான பள்ளிகளில் பிரேயருக்கு ஆம்ப்ளிஃபையர் ஏற்கெனவே இருக்கிறது. வகுப்புகளுக்கு இழுப்பதுதான் பாக்கி. குரலால் 'வெளியே', 'உள்ளேயே இரு', 'கிழக்குப் படிக்கட்டு வேண்டாம்' என்று பிரித்துச் சொல்ல முடியும். இரண்டாம் மாடி முதலில், முதல் மாடி ஒரு நிமிடம் பொறுத்து என்று வரிசை வைக்கவும் முடியும். மேலே போட்ட படிக்கட்டுக் கணக்கில் நெரிசல் குறைவது இதனால்தான்.

30 வகுப்புக்குக் கணக்கு இப்படி: வகுப்புக்கு ஒரு 6 வாட் சுவர் ஸ்பீக்கர், 180 வாட். மைதானத்துக்கும் வாசலுக்கும் 15 வாட் ஹார்ன் நான்கு, 60 வாட். மொத்தம் 240, கால் பங்கு கூட்டி 300 வாட் ஆம்ப்ளிஃபையர். தூரம் அதிகம் என்பதால், ஒலியை உயர் வோல்ட்டில் அனுப்பும் 100 வோல்ட் லைன் வகைதான் வேண்டும். வீட்டு ஸ்பீக்கர் வயரிங் 50 மீட்டர் தாண்டினாலே தேய்ந்துபோகும். பேட்டரியில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். முழுச் சத்தத்தில் ஆம்ப்ளிஃபையர் 24 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் வரை இழுக்கும்; அரை மணிக்கு 6.25. கரண்ட் இல்லாத 8 மணி நேரம் சும்மா விழித்திருக்க அரை ஆம்பியர் வீதம் 4. ஆக 10.25 ஆம்பியர்-மணி. லெட் ஆசிட் பேட்டரியை இத்தனை வேகமாகக் கறந்தால் அதன்மேல் அச்சிட்டிருக்கும் அளவில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் கிடைக்கும். எனவே 17, வயதுக்குக் கால் பங்கு சேர்த்து 21. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 26 ஆம்பியர்-மணி, இரண்டு. 7 ஆம்பியர்-மணி போட்டுக் கொடுப்பவர் கணக்குப் போடவில்லை என்று பொருள்.

கெட்டுப்போகும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பில் வால்யூம் திருகி இருந்தால் ஆசிரியர்கள் அதைப் பூஜ்யத்தில் வைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, தினமும் பாடத்துக்கு நடுவே அறிவிப்பு வந்தால் யார்தான் பொறுப்பார்கள்? திருகியே வேண்டாம், இல்லாவிட்டால் அவசர அழைப்பில் திருகியை மீறும் 24 வோல்ட் ரிலே (தானியங்கி சுவிட்ச்) உள்ள வகை வேண்டும். எல்லா ஸ்பீக்கரும் ஒரே வயரில் தொங்கினால் ஓரிடத்தில் ஷார்ட் ஆனதும் பள்ளியே ஊமை. அடுத்தடுத்த வகுப்புகளை இரண்டு தனி வயர்களில் மாற்றி மாற்றிக் கோர்த்தால் ஒன்று போனாலும் பக்கத்து வகுப்பின் சத்தம் கேட்கும். மைக் தலைமையாசிரியர் அறையில், அறைக்குப் பூட்டு, சாவி அவர் பையில், அவர் மாவட்டக் கல்வி அலுவலகத்தில். இது கற்பனையில்லை, வழக்கம். இன்னொரு மைக்கை வாசல் காவலர் அறையிலோ ஆசிரியர் ஓய்வறையிலோ வையுங்கள்.

செய்திகளை முன்கூட்டிப் பதிவு செய்து நான்கு பொத்தான்களில் ஏற்றி வைக்கலாம்: தீ, வெளிவாயு, நில அதிர்வு, உள்ளேயே இருத்தல். ஒவ்வொன்றும் 10 நொடிக்குள். குழந்தைகளுக்குப் பழகிய ஆசிரியை ஒருவரின் குரலில், நிதானமாக. 'கவனியுங்கள். கட்டடத்தில் புகை. பையை எடுக்க வேண்டாம். ஆசிரியர் பின்னால் வரிசையாக மைதானத்துக்கு வாருங்கள்.' அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. எதிரொலிக்கும் நீள வராந்தாவில் ஹார்ன் வைத்தால் வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெறும் இரைச்சலாகும். சிறு ஸ்பீக்கர்கள் நெருக்கமாக வைப்பதே சரி.

புகை உணரும் கருவி: தூங்கும் இடத்துக்கு

பகல் பள்ளியில் புகையை முதலில் காண்பது பெரும்பாலும் மனிதக் கண். ஸ்டோர் ரூம், மின் பேனல் அறை, கணினி அறை, ஆய்வகம் இவற்றுக்கு டிடெக்டர் போட்டால் போதும். ஏற்காட்டு உண்டு உறைவிடப் பள்ளியின் கதை வேறு. இரவு 2 மணிக்கு 60 குழந்தைகள் தூங்கும் கூடத்தில் புகையைப் பார்க்க யாரும் விழித்திருப்பதில்லை. அங்கே டிடெக்டர்தான் முதல் செலவு, ஒலிபெருக்கி இரண்டாவது.

வகை தேர்வில் மலை தன் பங்கைக் கேட்கும். ஒளிச்சிதறலில் இயங்கும் சாதாரண ஸ்மோக் டிடெக்டருக்கு மூடுபனியும் புகையும் ஒன்றுதான். ஜன்னல் திறந்திருக்கும் மாலையில் பனி உள்ளே வந்தால் அலறும், குளியலறை வெந்நீர் ஆவிக்கும் அலறும். மூன்று முறை பொய்யாக அலறினால் நான்காவது முறை வார்டன் பேனலை 'சைலன்ஸ்' செய்துவிட்டுப் படுத்துவிடுவார். அதனால் படுக்கைக் கூடத்துக்குப் புகையையும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கும் வகை, சமையலறைக்கு வெப்ப டிடெக்டர் மட்டும், குளியலறை வாசலிலிருந்து தள்ளி. ஒரு ஸ்மோக் டிடெக்டர் பொதுவாக 7.5 மீட்டர் ஆரம் பார்க்கும். ஓட்டுக் கூரையானால் உத்தரத்தின் உச்சியை ஒட்டி. புகை அங்கேதான் கூடும். பூச்சியும் தூசியும் புகுந்துவிடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும்.

எந்த அறை என்று பேரோடு காட்டும் அட்ரஸபிள் பேனல் வேண்டுமா? கட்டடங்கள் சரிவில் நாலு இடத்தில் சிதறிக் கிடக்கும் விடுதிக்கு வேண்டும். இருட்டில், மழையில் எந்தக் கட்டடத்துக்கு ஓடுவது என்று தெரிவதற்கு மட்டுமே அந்த விலை தகும். இரண்டு மாடிப் பகல் பள்ளிக்கு மாடிக்கு ஒரு மண்டலம் காட்டும் சாதாரணப் பேனலே தாராளம்.

தூங்கும் குழந்தையை எழுப்புவது தனிக் கலை. தலையணையருகே 75 டெசிபெல் வேண்டும் என்பது அளவு. ஆனால் ஹூட்டரின் கீச்சென்ற 3,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஆழ்ந்து தூங்கும் பிள்ளைகள் பலர் அசையவே மாட்டார்கள். 520 ஹெர்ட்ஸ் அளவில் வரும் தாழ்ந்த ஒலி மேலாக எழுப்புகிறது. அமெரிக்கத் தீ எச்சரிக்கை நெறி படுக்கையறைகளுக்கு அதையே கேட்கிறது. தகரக் கூரையில் மழை அடிக்கும் இரவில் ஒருமுறை ஒலித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

விடுதியில் இன்னொன்று: படிக்கட்டு வாசலில் இரவு பூட்டும் இழுகதவு. மின்காந்தப் பூட்டு போடுவதாக இருந்தால் கரண்ட் போனால் திறந்துகொள்ளும் வகை மட்டும். அலாரம் அடித்ததும் பேனலே அதை விடுவிக்க வேண்டும், அருகில் கையால் திறக்கும் பச்சைப் பொத்தானும் வேண்டும். பாதுகாப்புக்காகப் பூட்டுகிறோம் என்று சொல்லும் நிர்வாகம், சாவி யாரிடம் என்று இரவு 2 மணிக்குக் கேட்டுப் பார்க்கட்டும்.

வழிகாட்டும் விளக்கும் பலகையும்

புகை மேலிருந்து கீழே இறங்கும். கதவுக்கு மேல் மாட்டிய பச்சைப் பலகைதான் முதலில் மறையும். தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள் அம்புக்குறி ஒட்டுவது அதற்காகத்தான். இருட்டில் ஒளிரும் பட்டை மலிவு, வயர் இல்லை. ஆனால் அது வெளிச்சத்தைக் குடித்துத்தான் உமிழும். இரவு முழுக்க விளக்கணைத்த விடுதி வராந்தாவில் விடிவதற்குள் மங்கிவிடும். அங்கே பேட்டரி எல்.இ.டி. விளக்கு. தீ இருக்கும் திசையைப் பார்த்து அம்பை மாற்றிக் காட்டும் 'புத்திசாலி'ப் பலகைகளும் விற்பனைக்கு வருகின்றன. மெட்ரோ நிலையத்துக்குச் சரி. இரண்டு படிக்கட்டுப் பள்ளிக்கு வேண்டாம். ஒரு டிடெக்டர் பொய் சொன்னால் அம்பு புகைக்குள் அழைத்துப் போகும்.

செயலி, குறுஞ்செய்தி, அட்டை

விற்பனை மேசையில் அழகாகத் தெரிவது இதுதான், வெளியேற்றத்தில் பயன் குறைவாக இருப்பதும் இதுதான். வகுப்பில் ஃபோன் பையில் இருக்கும், வாட்ஸ்அப் குழு மௌனத்தில் இருக்கும், ஏற்காட்டின் சில வளைவுகளில் சிக்னலே இருக்காது. வாசலில் அட்டையைத் தேய்த்துக் கணக்கெடுக்கும் முறை, நெரிசல் கூடாத ஒரே இடத்தில் நெரிசலை உண்டாக்கும்; போதாததற்கு அட்டை இருப்பது நாம் எடுக்காதே என்று சொன்ன பையில். மைதானத்தில் எண்ணுவதற்கு வகுப்பு வாசலில் தொங்கும் வருகைப் பட்டியலும், ஆசிரியர் உயர்த்திக் காட்டப் பச்சை, சிவப்பு என இரண்டு அட்டைகளும் போதும். எல்லோரும் இருந்தால் பச்சை; ஒருவர் குறைந்தாலும் சிவப்பு. மூடுபனியில் அட்டை தெரியாது, அங்கே ஆசிரியருக்கு ஒரு விசில்.

குறுஞ்செய்திக்கு ஒரே ஒரு வேலை உண்டு: பெற்றோரை வரவிடாமல் தடுப்பது. நூறு இருசக்கர வாகனங்கள் வாசலை அடைத்தால் தீயணைப்பு வண்டி நுழையாது. மொத்தக் குறுஞ்செய்தி அனுப்ப வார்ப்புருவைத் தொலைபேசி நிறுவனங்களின் டி.எல்.டி. பதிவுத் தளத்தில் முன்பே பதிவு செய்து ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அவசரத்தில் புதிதாக எழுதினால் தொலைபேசி நிறுவனம் அதைத் தடுத்துவிடும். தமிழில் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால் கண்ணுக்கு ஐந்தெழுத்தான 'பாதுகாப்பு' ஃபோனுக்குப் பத்து. 'அனைவரும் பத்திரம். பள்ளிக்கு வர வேண்டாம். அடுத்த செய்தி 30 நிமிடத்தில்' என்பது சரியாக 70. கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தால் இரண்டு செய்தியாக உடைந்து இரட்டைக் காசு.

ஆக, யார் எதை வாங்குவது

சேலம் நகரத்துக்குள், இரண்டு மாடி, 30 வகுப்பு, இரவில் யாரும் தங்காத பள்ளி: முதலில் 26 ஆம்பியர்-மணி பேட்டரியோடு ஒலிபெருக்கி, அடுத்து படிக்கட்டுகளுக்கு அவசர விளக்கும் தாழ்வான அம்புகளும், அதன்பின் பொத்தான், ஹூட்டர், நான்கைந்து டிடெக்டர். தண்டவாளத் துண்டை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். சான்று புதுப்பிக்கும் தேதி நெருங்கி, ஹூட்டர் முதலில் வேண்டும் என்று நிர்வாகம் சொன்னால் அதையே செய்யலாம், ஆனால் ஸ்பீக்கர் வயருக்கான குழாயையும் அதே சுவர் உடைப்பில் புதைத்துவிடுங்கள். இரண்டாம் முறை உடைப்பதுதான் செலவு.

செவ்வாய்ப்பேட்டை போல கொலுசுப் பட்டறைகளும் கேஸ் சிலிண்டர்களும் நெருங்கிய தெருவில் இருக்கும் பள்ளி, வெளியேறியபின் குழந்தைகள் கூடும் இடத்தையே முதலில் யோசிக்க வேண்டும். பட்டறைப் பக்கம் திறக்கும் வாசல் எப்போதும் சரியான வாசலாக இருக்காது. குரல்வழி மாற்றிச் சொல்லும் வசதி இங்கே இரட்டிப்பாகத் தேவை.

ஏற்காட்டு விடுதி: டிடெக்டர், 520 ஹெர்ட்ஸ் ஒலி, கதவு விடுவிப்பு, வராந்தா விளக்கு, பிறகு ஒலிபெருக்கி. கூடும் இடம் மலைத்தேனீக் கூட்டுக்கும் பெரிய மரத்துக்கும் கீழே இருக்கக் கூடாது. சித்திரை, வைகாசி இடிமழையில் அந்த மரம்தான் மின்னலை வாங்கும். சரிவு மண்ணைத் தாங்கும் அணைசுவரை ஒட்டியும் வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட இரவில், 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கீழிருந்து கூடுதல் வண்டி வருவதை நம்பி எதையும் திட்டமிட முடியாது. வெளியே நிற்கும் குழந்தைகளுக்கு இரண்டு மணி நேரம் கூரையும் போர்வையும் தரக்கூடிய இன்னொரு கட்டடம் எது என்று பெயர் எழுதி வைத்திருக்க வேண்டும். 101, 108, 112, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களோடு அதே தாளில்.

விலைப்புள்ளி கேட்கும்போது மொத்தத் தொகை கேட்காதீர்கள். ஒரு ஸ்பீக்கருக்கு, ஒரு டிடெக்டருக்கு, ஒரு மீட்டர் வயருக்கு என்று தனித்தனியாகக் கேட்டால்தான் மூன்று கடைகளை ஒப்பிட முடியும். பேட்டரி மாற்றும் செலவை ஐந்து வருடத்துக்குச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கொள்முதல் ஆணையில் ஒரு வரி தவறாமல் இருக்கட்டும்: கடைசித் தவணை, மாதாந்திர மின்தடை நாளில் பிற்பகல் ஒரு மணிக்கு, கடைசி வகுப்பின் கதவைச் சாத்திவைத்து, கடைசி டிடெக்டரைக் கழற்றிச் சோதித்த பிறகே தரப்படும்.